இறைவெளிப்பாடு இன்னும் தெளிவாக இருந்திருக்கலாகாதா?

மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள தாழ்வுபாட்டிலே, மறைக்கல்வி வகுப்பொன்று முடிந்து எல்லாரும் எழும்புகிற வேளையில், தொழிலுக்குப் போகிற வாலிபர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "கடவுள் தம்மை மனிதருக்கு அறிவிக்க விரும்பினார் என்று சொல்லித் தருகிறீர்கள். விரும்பியவர் ஐயத்துக்கே இடமில்லாமல் அறிவித்திருக்கலாமே? உயிர்த்த இயேசு பிலாத்துவின் அரண்மனைக்குப் போய் நின்றிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்குமே! ஏன் பூட்டிய அறைக்குள் ஒருசிலருக்கு மட்டும்?"

வகுப்பில் இருந்த பெரியவர்களிற் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கேட்கக்கூடாத கேள்வி என்று முகத்தைச் சுளித்தார்கள். ஆனால், அன்பான வாசகரே, இது புதிய கேள்வியும் அல்ல, தேவநிந்தனையும் அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற புறமத அறிஞர் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இதைக் கேட்டார். இயேசு தமது தெய்வ வல்லமையைக் காட்ட விரும்பியிருந்தால், தம்மைப் பழித்தவர்களுக்கும் தமக்குத் தீர்ப்பிட்டவருக்கும் அன்றோ தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு ஏறக்குறைய 248ஆம் ஆண்டில் ஒரிஜன் என்ற திருச்சபைப் பேராசிரியர் எட்டுப் பாகங்கொண்ட நூலால் விடையளித்தார். ஆண்டவர் ஒவ்வொருவருடைய பார்க்கும் தகுதிக்கேற்பவே தம்மைக் காட்டினார், மலைமேல் உருமாறியபோதுங்கூட மூவரைத்தானே அழைத்துச் சென்றார் என்பது அவர் விடையின் ஒரு பகுதி. ஒரிஜன் பெரியவரே. ஆயினும் இந்த விடை மட்டும் போதாது என்றே எனக்குப் படுகிறது. தமஸ்கு வழியிலே சின்னப்பருக்கு என்ன தகுதி இருந்தது? அவர் திருச்சபையை அழிக்கப் புறப்பட்டவர் ஆயிற்றே.

ஆகவே, இன்னுஞ் சற்று ஆழத்தில் வலை போட வேண்டியிருக்கிறது.

கண்டவர்கள் என்ன செய்தார்கள்?

"கண்ணாலே கண்டால் நம்புவேன்" என்று சொல்வது எளிது. கண்டவர்களின் கதை வேதாகமத்திலே இருக்கிறது. அது அவ்வளவு உற்சாகமூட்டும் கதையன்று. செங்கடலைக் கடந்தவர்கள், சீனாய் மலை புகைந்ததைப் பார்த்தவர்கள், மோயீசன் திரும்பி வரத் தாமதித்ததும் பொன் கன்றுக்குட்டி வார்த்துக்கொண்டார்கள். கர்மேல் மலையிலே எலியாஸ் தீர்க்கதரிசியின் மன்றாட்டுக்கு வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்கினார்கள். அடுத்த அதிகாரத்திலேயே அரசி அவருடைய தலையைக் கேட்கிறாள், அவரோ உயிர் தப்ப வனாந்தரத்துக்கு ஓடுகிறார்! அங்கே ஓரேப் மலையில் ஆண்டவர் அவரைச் சந்தித்தது காற்றிலும் அல்ல, நிலநடுக்கத்திலும் அல்ல, நெருப்பிலும் அல்ல. அவற்றின் பின்னர் வந்த மெல்லிய ஓசையிலே (1 அரசர் 19).

எல்லாவற்றிலும் என்னைத் திகைக்க வைப்பது பெத்தானியா இலாசரின் வரலாறு. நான்கு நாட் பிணம் கல்லறையை விட்டு எழுந்து வந்தது. இரகசியமாக அல்ல, துக்கங் கொண்டாட வந்திருந்த ஊரார் முன்னிலையில். பலர் விசுவசித்தார்கள் என்று அருளப்பர் எழுதுகிறார். வேறு சிலரோ நேரே சென்று பரிசேயரிடம் அறிவித்தார்கள். சங்கத்தார் கூடியபோது "இது நடந்ததா?" என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். நடந்தது என்பதை ஒத்துக்கொண்டுதான், இயேசுவைக் கொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பின்னர் இலாசரையும் சேர்த்துக் கொன்றுவிட ஆலோசித்தார்கள் (அரு. 11, 12). சாட்சி போதாமல் அல்ல, சாட்சி அளவுக்கு மிஞ்சி இருந்தபடியால் சாட்சியை ஒழிக்கப் பார்த்தார்கள். ஆண்டவர் சொன்ன உவமையிலே, பாதாளத்தில் வருந்துகிற செல்வன் தன் சகோதரருக்கு இறந்தவன் ஒருவனை அனுப்பும்படி கேட்கிறான். மோயீசனுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் செவிகொடாதவர்கள் இறந்தவன் எழுந்து போனாலும் மசியமாட்டார்கள் என்ற பதிலே அவனுக்குக் கிடைக்கிறது (லூக். 16). அந்த உவமையில் வரும் ஏழையின் பெயரும் இலாசர் என்பது சிந்திக்கத் தக்கது.

கண்டியில் பெய்த மழை

யூதேயா வெகு தூரம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கோவாவில் 1651இல் பிறந்த யோசேவாஸ் அடிகள், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 1692இல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற சந்தேகத்தில் அங்கே சிறைவைக்கப்பட்டார். 1696இல் கடும் வரட்சி. மழைக்காகச் செய்த சடங்குகள் பலிக்காதபோது, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் இந்தக் குருவானவரிடமும் கேட்டான். நகரின் பொது இடத்தில் பீடமும் சிலுவையும் வைத்து அவர் செபித்தார். மழை கொட்டியது. சுற்றி நின்ற எல்லாரும் நனைய, அடிகளும் பீடமும் நனையவில்லை என்று அவரது சபையார் எழுதிய வரலாறு கூறுகின்றது.

பட்டப்பகலில், தலைநகரின் நடுவே, அரசனே கேட்டு நடந்த அடையாளம் இது. அந்த வாலிபர் விரும்பியது போன்ற, பிலாத்துவின் அரண்மனை முற்றத்தில் நடந்த அற்புதம் என்றே சொல்லலாம். பயன் என்ன? அரசன் அடிகளுக்கு மறைபோதிக்கும் சுதந்திரம் கொடுத்தான். அது பெரிய நன்மையே. ஆனால் அவன் கிறிஸ்தவனாகவில்லை. தன் மதத்திலேயே நிலைத்து நின்றான். நலிந்துபோயிருந்த பிக்குகளின் குருப்பட்ட முறையைப் புதுப்பிக்க அரக்கன் தேசத்திலிருந்து பிக்குகளை அழைப்பித்தவனும் இதே அரசனே. அவனைக் குறைகூற இதை எழுதவில்லை. தன் மனச்சாட்சிப்படி நடந்த அரசனாக அவன் இருந்திருக்கக் கூடும். வானமே திறந்தாலும் மனிதனுடைய உள்ளம் அதன் கதவைத் தானே திறக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே காண்கிறோம்.

கதை மழையோடு முடியவில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளரை அவர்களுடைய சொந்த வீட்டாரே காட்டில் விட்டு ஓடினார்கள். யோசேவாஸ் அடிகள் அவர்களைத் தேடிப்போய்க் கஞ்சி கொடுத்தார், புண்களைக் கழுவினார், செத்தவர்களைக் குழிதோண்டி அடக்கினார். எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை. மழை அவருக்கு உத்தரவுச் சீட்டுப் பெற்றுத் தந்தது. மக்களின் மனத்துள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அம்மை நோயாளரிடம் அவர் செய்த ஊழியம் என்றே நான் நினைக்கிறேன். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே மடுத் திருப்பதிக்கு வந்தபோது, நம்மிற் பலர் அங்கே நின்றோம்.

வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதா?

இராக் காலத்தில் கடலிலே பெரிய விளக்குகளை எரித்து மீன் பிடிக்கும் முறை கடற்கரையாருக்குத் தெரியும். வெளிச்சத்தைக் கண்ட மீன் கூட்டமாகத் திரண்டு வரும், கண் கூசி நிற்கும், வலை சுற்றிவிடும். அந்த மீன் வெளிச்சத்தை நேசித்தா வந்தது? கடவுள் நினைத்திருந்தால் மனுக்குலத்தை இப்படித் திரட்டியிருக்கலாம். வானத்திலே நட்சத்திரங்களால் தம் பெயரை எழுதியிருக்கலாம். (எந்த மொழியில் என்று ஒரு சண்டை நிச்சயம் வந்திருக்கும். இந்த நாட்டில் சொல்லவே வேண்டாம்.) எல்லாரும் பணிந்திருப்பார்கள். பசாசுகளும் கடவுள் ஒருவரே என்று நம்பி நடுங்குகின்றன என்று இயாகப்பர் தம் திருமுகத்தில் எழுதுகிறார். அந்த நம்பிக்கையில் ஐயம் கிடையாது, அன்பும் கிடையாது.

1965 நவம்பர் 18இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய சாசனம், இறைவன் மனிதரை நண்பர்களாகப் பாவித்து அவர்களோடு உரையாடித் தம் உறவுக்குள் அழைக்கிறார் என்று போதிக்கிறது. வெளிப்பாடு என்பது சில செய்திகளை அறிவிக்கும் விளம்பரம் அல்ல, ஒருவர் தம்மையே கையளிப்பது. ஒரு பெண்ணை மணம் பேசுகிறவன் தன் நற்குணத்துக்கு அத்தாட்சிப் பத்திரங்களை அடுக்கி, மறுக்க முடியாதபடி அவளை மடக்கினால், அவள் சம்மதித்தாள் என்று சொல்வோமா? உயிர்த்த ஆண்டவர் எல்லா மக்களுக்கும் அன்றி, தம்மோடு உண்டு குடித்த சாட்சிகளுக்கே காணப்பட்டார் என்று இராயப்பர் கொர்நேலியுவின் வீட்டில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார் (அப். பணி 10). செல்சுஸ் குறையாகச் சொன்னதை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இராயப்பர் கூச்சமின்றிச் சொல்லியிருக்கிறார்! கூட இருந்து உண்டவர்களுக்குத்தான், வந்திருப்பவர் அதே ஆள் என்று தெரியும். அப்பத்தைப் பிட்கும் கையை எம்மாவுஸ் சீடர் அடையாளங் கண்டதும் அப்படித்தான். பிலாத்து கண்டிருந்தால் அவனுக்கு ஆவி தெரிந்திருக்கும், பயம் பிடித்திருக்கும். அவ்வளவே.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் ஆதாரமே தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்கிறீர்களா?" என்று வாலிபர் மடக்கக் கூடும். இல்லை. அப்படிப் போதிப்பதைத் திருச்சபையே ஏற்பதில்லை. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம், விசுவாசம் குருட்டுத்தனமான மன அசைவு அல்ல என்றும், அற்புதங்களும் தீர்க்கதரிசனங்களும் எல்லாருடைய அறிவுக்கும் ஏற்ற உறுதியான அடையாளங்கள் என்றும் தீர்ப்புச் செய்தது. அடையாளங்கள் உண்டு. அவை எப்படிப்பட்டவை என்பதுதான் கேள்வி.

2019இல் புனிதராக உயர்த்தப்பெற்ற கர்தினால் நியூமன், 1864இல் எழுதிய கடிதமொன்றில் இதற்குக் கயிற்றை உவமை சொன்னார். கரைவலை இழுத்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கயிற்றின் புரி ஒவ்வொன்றும் தனியே பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். முறுக்கிச் சேர்ந்த கயிறோ வலை முழுவதையும் கரைக்கு இழுக்கும். வெறுமையாயிருந்த கல்லறை ஒரு புரி. பயந்து ஓடிய சீடர் சில வாரங்களில் தெருவில் நின்று பேசியது ஒன்று. திருச்சபையைத் துன்புறுத்திய சின்னப்பரின் மாற்றம் ஒன்று. அக்காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்பில்லாதிருந்தும், முதற் சாட்சிகளாக நால்வரும் பெண்களையே எழுதி வைத்தது ஒன்று. கட்டுக்கதை புனைகிறவன் அப்படிப் புனையமாட்டான். இவற்றில் ஏதாவதொன்றை மாத்திரம் இழுத்துப் பார்த்து, "இது அறுகிறதே" என்பவர் கயிற்றைச் சோதிக்கவில்லை. விடியப்புறம் வள்ளம் தள்ளுகிறவரும், காற்றின் போக்கு, நீரின் நிறம், பறவைகளின் கூட்டம், முந்திய நாள் பாடு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தானே கடலுக்கு இறங்குகிறார்? எழுதி ஒப்பமிட்ட உறுதி கிடைத்தபின் போவேன் என்றால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

மன்னார் வேதசாட்சிகளும் அந்தக் கயிற்றில் ஒரு புரி. 1544இல் இத்தீவின் மக்கள் புனித பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். அவர் வர இயலாமல் வேறொரு குருவை அனுப்பினார். ஞானஸ்நானம் பெற்ற சில மாதங்களுக்குள், யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளைப்படி ஏறக்குறைய 600 பேர் வெட்டுண்டு மாண்டார்கள். தோட்டவெளியில் அவர்களை நினைவுகூர்ந்து வருகிறோம். சங்கிலிக்கு அரசியற் பயம் இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. முன் கரையிலே போர்த்துக்கேயர் பிடி இறுகியதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஒரு நேர்மையான எச்சரிக்கை. சாவு ஒருவருடைய உண்மையான பற்றைக் காட்டும். அவர் பற்றிக்கொண்டது உண்மைதான் என்பதைத் தானே நிரூபித்துவிடாது. எத்தனை கொள்கைகளுக்காக எத்தனை பிள்ளைகள் உயிர்கொடுத்ததை நம் தலைமுறை கண்டிருக்கிறது! ஆகவே 1544இன் சாட்சிகளைக் கணக்குத் தீர்க்கும் வாதமாக யாரும் வீசவேண்டாம். அப்போஸ்தலர் நிலை வேறு. அவர்கள் தாங்கள் கேள்விப்பட்டதற்காக அல்ல, தாங்களே கண்டதாகச் சொன்னதற்காகத் துன்பப்பட்டார்கள். மன்னார் மக்கள் எதையும் காணவில்லை. சவேரியாரைக்கூட அவர்களிற் பெரும்பாலோர் கண்டிருக்க மாட்டார்கள். காணாமலே பற்றிக்கொண்டார்கள் என்பதே அவர்களது தனி மகிமை.

எஞ்சி நிற்கிற கேள்வி

சின்னப்பருக்குக் காட்டிய வெளிச்சத்தை என் வீட்டுக்கு ஏன் காட்டவில்லை? இதற்கு முழு விடை எவரிடமும் இல்லை. இருப்பதுபோல நடிக்கும் பிரசங்கங்களைக் கேட்டு நீங்களும் களைத்திருப்பீர்கள். இவ்வளவு சொல்லலாம்: சின்னப்பருக்குங்கூட அந்த வெளிச்சம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்வையிழந்து மூன்று நாள் இருந்தார். பயந்து பயந்து வந்த அனனியா என்னும் ஒரு சாதாரண சீடர் கைவைத்துச் "சகோதரரே" என்று அழைத்த பிறகே பார்வை திரும்பியது. தமஸ்குவிலும் கடவுள் ஒரு மனிதனை நடுவில் வைத்தார்.

நற்செய்தியைக் கேளாதவர்கள், கேட்டும் தம் குற்றமின்றி உணராதவர்கள் என்னாவார்கள் என்று அஞ்ச வேண்டாம். 1964 நவம்பர் 21இல் வெளியான திருச்சபை பற்றிய சாசனத்திலே, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சாட்சியின்படி நடப்போர் மீட்படையலாம் என்று சங்கம் போதித்தது. திருக்கேதீச்சரத்தில் தீபம் ஏற்றுகிற அயலவரும், எருக்கலம்பிட்டியில் தொழுகை செய்கிற அயலவரும் கடவுளின் கையில்தான் இருக்கிறார்கள். வினாத்தாள் கிடைக்காதவனுக்குப் பூச்சியம் போடுகிற பரீட்சகர் அல்ல நம் ஆண்டவர்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொரு வாக்கியம். 1965 டிசம்பரில் அதே சங்கம், கடவுள் மறுப்பு வளர்வதில் விசுவாசிகளுக்கும் சிறு பங்கல்லாத பங்கு உண்டு என்றும், தங்கள் வாழ்க்கையின் குறைகளால் அவர்கள் கடவுளின் முகத்தை மறைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னது. திருநாள் உபயம் எந்தப் பகுதிக்கு முதலில், சுரூபத்தைத் தூக்குவது எந்த வீட்டார் என்று கோவில் முற்றத்தில் கைகலக்கிறோம். பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு வெளிப்பாடு தெளிவாகவில்லை என்றால் குறை வானத்திலா?

இதே மறைமாவட்டத்தில் மறுபக்கமும் உண்டு. மூவிராசாக்கள் திருநாள் இறைவன் புறவினத்தாருக்குத் தம்மைக் காட்டிய திருநாள். அன்று வாசிக்கிற சுவிசேஷத்தில், மெசியா எங்கே பிறப்பார் என்று எருசலேம் வேதபாரகருக்குத் துல்லியமாகத் தெரியும். பெத்லகேம் பத்துக் கிலோமீற்றருக்குள்தான். ஒருவரும் நடக்கவில்லை. நட்சத்திரம் ஒன்றை மட்டும் நம்பிய அந்நியர்தான் நடந்தார்கள். 1985 ஜனவரி 6ஆம் திகதி, அந்தத் திருநாளிலே, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் மக்களை விட்டுப் போகாமல் இருந்த குருவானவர் அவர். அன்றைய சுவிசேஷத்துக்கு அவ்வூரார் எந்த விளக்கத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காணாமற்போன மகனின் படத்தை வைத்துக்கொண்டு "கடவுள் எங்கே?" என்று கேட்கிற தாயிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டவேண்டாம். அவள் வாதம் கேட்கவில்லை. சிலுவையில் தொங்கியவரும் அதே கேள்வியைக் கேட்டார் என்பது அவளுக்கு ஏற்கனவே தெரியும். அவளோடு போய் இருங்கள். பூசைக்கு வர மறுத்து, அத்தாட்சி கேட்கிற உங்கள் சொந்த மகனுக்கோ, அருளப்பர் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். தோமையார் மின்னலையும் இடியையும் கேட்கவில்லை, காயங்களைக் கேட்டார். ஆண்டவர் அவரைத் திட்டித் துரத்தவில்லை, காயங்களைக் காட்டினார். ஆனால் அதற்கு எட்டு நாள் சென்றது. "நான் நம்பமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த தோமையாரை, அந்த எட்டு நாளும் மற்றச் சீடர்கள் தங்களோடு அதே வீட்டில் வைத்திருந்தார்கள்.